கண் மூடாத ஜெபம்

போரஸ்டல் கிராமத்தில் ஒரு சங்கதி ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் பத்திரிகையில் போட வேண்டியதில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஓர் ஆண்பிள்ளை எழுந்து நின்று அதை ஆண்டவரிடம் சொன்னால் போதும். பெயர் சொல்ல மாட்டார்கள். பெயர் சொன்னால் வம்பு, சொல்லாமல் சொன்னால் பக்தி. "கர்த்தாவே, பட்டணத்தில் மதுபானத்தின் கண்ணியில் விழுந்த ஒரு வாலிபனை நினைத்தருளும்" என்று ஒருவர் தழுதழுத்த குரலில் கேட்டால், கிளாஸ்கோவில் யார் வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதவில்லை என்பது ஆமென் சொல்வதற்குள் பின்வரிசைப் பெண்களுக்குத் தெரிந்துவிடும். பெண்கள் அங்கே வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது. அவர்களுக்குக் காதுக்கு மட்டும்தான் வேலை. அந்த வேலையை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள்.

ஜெபிக்க யாரும் தானாக எழுவதும் இல்லை. போதகர் ஒரு பெயரைச் சொல்வார், அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். எழுதி வைத்துப் படித்தால் அது ஜெபமே இல்லை. மனதில் என்ன கிடக்கிறதோ அது வாயில் வர வேண்டும். இன்றைக்கு வேண்டாம் ஐயா என்று சொன்ன மனிதனை அந்தச் சபை கண்டதில்லை.

டோர்க்கில் மக்காலே அந்தக் கடற்கரைப் பகுதிக்குப் போலீஸ்காரன். நாற்பதைத் தாண்டியவன், சபையில் மூப்பன். லூயிஸ் தீவின் வடக்குக் கோடி முழுக்க அவனுடைய ஜெபத்துக்குப் பேர் இருந்தது. குடித்துவிட்டு அடிதடி செய்தவனை வண்டியில் ஏற்றும்போதுகூட அவனுக்காக மனதுக்குள் ஒரு வரி கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவான். கடலில் போனவனின் செய்தியைக் கொண்டுபோகும் வீட்டில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு முழங்காலில் நிற்பான். "விலங்கு போடுறவனும் அவன்தான், விடுதலைக்கு வேண்டுறவனும் அவன்தான்" என்று ஊர் கேலி செய்யும். கேலியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவனுக்கும் அந்தப் பெருமை உள்ளூர இருந்தது, அதை மறைப்பானேன்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கெனினா அவனுடைய நிலையத்துக்கு வந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வெளியே வேலி ஓரம் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் வாசலிலேயே உரக்கச் சொன்னாள்.

"பர்ஸ் தொலைஞ்சு போச்சு, டோர்க்கில். எழுதிக்க."

கதவு சாத்தியதும் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பர்ஸ் கைலதான் இருக்கு," என்றாள்.

கெனினாவின் கணவன் ருவாரி இறால் படகு வைத்திருந்தவன். சபையில் டீக்கன், வேதத்தின் சங்கீதங்களைச் சபைக்கு வரி வரியாகப் பாடி எடுத்துக் கொடுப்பவன். விதவைகள் வீட்டு வாசலில் காசு வாங்காமல் மீன் வைத்துவிட்டுப் போவான். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊருக்குத் தெரியாது என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. எல்லோருக்கும் தெரியும். மீன் வாங்கிய கைகள் அத்தனையும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன.

"நர்ஸ்கிட்ட கொட்டில்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்," என்றாள். "எங்க கொட்டில் அவ்வளவு வழுக்காது."

"எத்தனை வருஷமா?"

"கிர்ஸ்டி பொறந்ததுலேர்ந்து. அவளுக்கு ஆறு வயசு ஆகுது. இப்ப அவளும் பாக்க ஆரம்பிச்சுட்டா. அதான் வந்தேன்."

அவன் பேனாவை எடுத்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"எழுதாதே. முதல்ல கேளு. அடிச்சு முடிச்சதும் முட்டி போடுவாரு. வேதத்தை எடுப்பாரு. தான் செஞ்சதை ஒண்ணு விடாம ஆண்டவர்கிட்ட சொல்லி அழுவாரு. நானும் பக்கத்துல முட்டி போட்டுக்கிட்டு கேக்கணும். ஆண்டவர் மன்னிச்சிருவாரு போல, ஏன்னா எந்திரிக்கிறப்ப மூஞ்சி அவ்வளவு தெளிவா இருக்கும். அப்புறம் டீ போடச் சொல்வாரு. என்கிட்ட ஒரு தடவை மன்னிப்புக் கேட்டதில்ல, டோர்க்கில். ஒரே ஒரு தடவை கூட."

அவன் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

"வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுறேன்," என்றாள். "ஆனா அக்கரைக்குப் போனப்புறம். கப்பல்லேர்ந்து எறங்கின நிமிஷம் எங்க வேணாலும் போடுறேன். இந்த மண்ணுல நின்னு போட மாட்டேன். முதல்ல குழந்தையோட என்னை இங்கேர்ந்து வெளிய எடு."

அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒரு வாய் போதாது. ஒருவர் சொல்வதை இன்னொரு சாட்சியம் தாங்கிப் பிடிக்க வேண்டும். நர்ஸின் தாளில் எலும்பு முறிவு இருந்தது, பக்கத்திலேயே கொட்டிலில் விழுந்ததாகவும் இருந்தது. கெனினாவின் கையெழுத்து இல்லாமல் ருவாரியைத் தொட முடியாது. ஸ்டோர்னோவே நகரத்திலிருந்த துப்பறியும் அதிகாரி பெட்ரி என்பவளிடம் டோர்க்கில் தொலைபேசியில் எல்லாம் சொன்னான். தெற்கே பிறந்து வளர்ந்த பெண்மணி. சாமி கிடையாது, சுற்றி வளைத்துப் பேசுவதும் கிடையாது.

"வியாழக்கிழமை விடியறப்ப அவன் படகு எடுப்பான்ல? போனதும் நான் வந்து அவங்களக் கூட்டிட்டுக் கப்பலுக்குப் போறேன். சாயங்காலம் அவன் கரைக்கு வர்றப்ப நம்ம ஆளுங்க நிப்பாங்க. அதுவரைக்கும் உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. உங்க மனைவிகிட்டகூட."

"வராது, மேடம்."

மனைவி மர்டினாவிடம் அவன் சொல்லவில்லை. இரண்டு நாளும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் தட்டில் ஆறிப்போக, எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை அவள் இரண்டு முறை ஏறிட்டுப் பார்த்தாள், கேட்கவில்லை.

புதன்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போலீஸ்காரனின் இடம் காலியாக இருந்தால் அதுவே ஒரு செய்தி. போய் உட்கார்ந்தான். டீக்கன்கள் வரிசையில், அவனுக்கு முன்னால், ருவாரியின் பிடரி தெரிந்தது. முடி வெட்டி ஒரு நாள்தான் ஆகியிருக்கும். கெனினா வரவில்லை, குழந்தையோடு வீட்டில் இருந்தாள். போதகர் வாசித்தார், இரண்டு பேரை அழைத்தார், பிறகு மேஜையைப் பார்த்தபடியே, "டோர்க்கில், நீங்க ஜெபிக்கிறீங்களா," என்றார்.

எழுந்தான். கண்ணை மூடினான். திங்கட்கிழமையிலிருந்து அவன் நெஞ்சில் ஒரே ஒரு காரியம்தான் கிடந்தது. அதை விட்டுவிட்டு ஆட்டுக்கும் மழைக்கும் ஜெபித்தால் அது பாவனை. ஆண்டவர் முன்னால் பாவனை செய்ய அவனுக்குத் தெரியாது. அதே சமயம் கொடுத்த வாக்கும் நினைவிருந்தது. ஆகவே எல்லாவற்றையும் வேதத்தின் துணியில் சுற்றிச் சொல்லலாம் என்று நினைத்தான். கெட்டிக்காரன்தான்.

"கர்த்தாவே, எகிப்தின் வீட்டிலே கூக்குரலிட்ட உமது ஜனத்தின் சத்தத்தைக் கேட்டவரே. இன்றைக்கும் தன் வீட்டுக்குள்ளே சிறையிருக்கிற ஓர் அடியாளின் சத்தத்தைக் கேளும். அவள் வாய் திறக்க நீரே பெலன் தந்தீர். ஓங்கின கையை நீர் காண்கிறீர். அவள் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சமுத்திரத்தைக் கடக்கும் நாளில், தண்ணீர்களைப் பிளந்து அவளுக்கு வழியுண்டாக்கும். அந்த நாளைச் சமீபமாக்கும்."

வேதத்தில் பிளந்து வழிவிட்ட செங்கடலைச் சொன்னால் ஊரார் செங்கடலை நினைப்பார்கள் என்று அவன் எப்படித்தான் நம்பினானோ. அங்கிருந்த அறுபது பேரும் பிறந்ததிலிருந்து இதே பெஞ்சுகளில் உட்கார்ந்து இப்படிப்பட்ட முடிச்சுகளை அவிழ்த்தே பழகியவர்கள். மாவுக்கட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் நிலையத்துக்குள் போனதையும் வேலி ஓரத்து இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஆமென் சொல்லி உட்காரும்போதுதான் டோர்க்கிலுக்கு உறைத்தது. யாரும் இருமவில்லை. முன்னால் அந்தப் பிடரி அசையவில்லை.

போதகர் சங்கீதத்தின் எண்ணைச் சொன்னார். ருவாரி உட்கார்ந்தபடியே முதல் வரியை எடுத்தான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சபை அந்த வரியை வாங்கிப் பாடியது, அடுத்த வரியை அவன் நிதானமாக எடுத்துக் கொடுத்தான். கடைசி வரி முடியும்வரை யாரும் எழ முடியாது. டோர்க்கில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் ருவாரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லா ஜெபிச்சே. இப்படி ஒரு ஜெபம் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றான். சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

டோர்க்கில் வண்டியை ஓட்டிக்கொண்டே பெட்ரியைக் கூப்பிட்டான். அவள் அன்று ஒரு வழக்குக்காக அக்கரையில் இருந்தாள், மறுநாள் காலை முதல் விமானத்தில்தான் வர முடியும்.

"சொல்லிட்டேன், மேடம்."

"யார்கிட்ட?"

"ஆண்டவர்கிட்ட."

"எத்தனை பேர் முன்னாடி?" என்று கேட்டாள்.

"அவனும் இருந்தான்."

அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவற்றில் ஒன்றுகூட அநியாயமில்லை என்று டோர்க்கில் நினைத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது வேன் வாசலில் நின்றது. கதவைத் தட்டினான். கெனினா திறந்தாள். முகத்தில் அடி எதுவும் இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். "பர்ஸ் கிடைச்சிருச்சு."

"கெனினா, என்கூட வா. இப்பவே. குழந்தையைத் தூக்கிட்டு வா."

அவள் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள். அடுப்படியில் ருவாரி உட்கார்ந்திருந்தான். கிர்ஸ்டி அவன் மடியில் இருந்தாள். அவன் அவளுடைய தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தான், அழகாகவே பின்னினான்.

"போ, டோர்க்கில்," என்றாள் கெனினா. "நீ நிக்க நிக்கத்தான் கஷ்டம்."

வாசல்லயே இருங்க, சின்ன சத்தம் கேட்டாலும் உடைச்சுக்கிட்டு உள்ள போங்க என்று பெட்ரி தொலைபேசியில் சொன்னாள். அவன் வீட்டுக்கு எதிரே சாலையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். அந்த மாதத்தில் அங்கே வெளிச்சம் போவதே இல்லை. ஆடுகளின் சத்தம் கேட்டது, கீழே கடல் கேட்டது. வீட்டிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஜெபித்தான். தன் வாழ்நாளில் அப்படி ஜெபித்ததில்லை. கிழக்கு சிவந்தபோதும் வீடு அமைதியாகவே இருந்தது. அந்த அமைதிக்காக அவன் ஆண்டவருக்கு நன்றி சொன்னான்.

படகு எடுக்கும் நேரம் வந்தது, போனது. ருவாரி வெளியே வரவில்லை.

பெட்ரி வந்ததும் இருவருமாகப் போய்த் தட்டினார்கள். ருவாரியே திறந்தான். வெள்ளைச் சட்டை, ஈரத் தலை. மேஜை மேல் வேதம் விரிந்திருந்தது. குழந்தை பக்கத்து அறையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேதம் எடுக்கப் போறோம்," என்றான். "இருக்கிறதுன்னா உக்காருங்க. இல்லேன்னா முடிஞ்சப்புறம் வாங்க."

கெனினா அடுப்பருகே நின்றாள். உட்காரவில்லை, உட்கார முடியாதவளைப் போல நின்றாள். பெட்ரி அவளிடம், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேன்."

அவள் வாயின் இரண்டு ஓரங்களும் சிவந்து பிளந்திருந்ததை டோர்க்கில் பார்த்தான். எதையோ வைத்து இறுக்கிய தடம். சத்தம் ஏன் வரவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. எதற்காக நன்றி சொன்னோம் என்பதும் புரிந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ருவாரி கொடூரன், ஆனால் வேஷக்காரன் அல்ல. மனிதர்களிடம் பொய் சொல்லக் கூசாதவன், முழங்காலில் நின்று பொய் சொல்ல அஞ்சினான். செய்ததைச் சொல்லாமல் எழுந்தால் அது மேலே ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று மெய்யாகவே நம்பினான். ஜெபத்தில் சொன்னதை மனிதன் எடுத்து ஆள மாட்டான் என்றும் நம்பினான். ஊர் காதால் தின்னும், மெல்லும், ஆனால் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்லாது. தலைமுறை தலைமுறையாக அதுதான் வரம்பு. டோர்க்கிலும் அதையேதான் நம்பினான்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெட்ரியையும் உட்காரச் சொன்னான். பிறகு ஆங்கிலத்தில், சாதாரணமாகச் சொன்னான்.

"ருவாரி, மேடத்துக்கு நம்ம பாஷை தெரியாது."

அது போதும். தங்கள் பாஷையான கேலிக் தெரியாத ஒரே ஒரு ஆள் அறைக்குள் வந்துவிட்டாலும் அத்தனை பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது அந்தத் தீவின் மரியாதை. திருடன் வீட்டிலும் அது உண்டு.

"அட, மன்னிக்கணும் மேடம்," என்றான் ருவாரி. அலமாரியிலிருந்து ஆங்கில வேதத்தை எடுத்தான். ஒரு சங்கீதம் வாசித்தான். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு முழங்காலிட்டு, முகத்தை இருக்கையில் புதைத்தான். டோர்க்கில் முழங்காலிட்டான். பெட்ரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளும் இறங்கினாள்.

ருவாரி முதலில் வானத்துக்கும் பூமிக்கும் நன்றி சொன்னான். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக ஜெபித்தான். குழந்தைக்காக ஜெபித்தான். வராது போலிருக்கிறது என்று டோர்க்கில் நினைத்தான், வராமல் போனால் தேவலை என்றும் ஒரு கணம் நினைத்தான். பிறகு ருவாரியின் குரல் உடைந்தது.

"கர்த்தாவே, என் பாவம் உமக்கு மறைவானதல்ல. நீர் எனக்குத் தந்த மனைவியின்மேல் நேற்றும் கை ஓங்கினேன். அவள் கூப்பிடாதபடி துணியால் அவள் வாயை அடைத்தேன். வாசலில் மனுஷர் காத்திருக்கிறார்கள் என்று அறிந்தும் அடித்தேன். அவள் விழுந்த பின்பும் உதைத்தேன். அவள் கையை முறித்த நாளிலே உமக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். ஆயினும் நொறுங்குண்ட இருதயத்தை நீர் புறக்கணியீர்."

டோர்க்கில் கண்ணை மூடவில்லை. மூடாத கண்ணோடு ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்தபோது, குனிந்த முதுகுகளுக்கு மேலாக, கெனினாவின் கண்ணும் திறந்திருப்பதைப் பார்த்தான். அவள் மட்டும் முழங்காலிடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ருவாரி ஆமென் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் சொன்னது சரிதான், முகம் தெளிவாக இருந்தது. பெட்ரி முதலில் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள். டோர்க்கில் அவனைக் கைது செய்வதாகச் சொல்லி, இனி எதுவும் பேச வேண்டியதில்லை, பேசினால் அது சாட்சியமாகும் என்ற வழக்கமான வாசகத்தையும் சொன்னான்.

ருவாரிக்குக் கோபம் வரவில்லை. நம்ப முடியாதவனைப் போலப் பார்த்தான்.

"நான் அவர்கிட்ட பேசிட்டிருந்தேன், டோர்க்கில். உன்கிட்ட இல்ல."

டோர்க்கில் அவன் கைகளைப் பிடித்தான். விலங்கைப் பூட்டினான். அவனுக்காக ஒரு வரி கேட்கும் வழக்கம் அன்று மனதுக்கு வரவில்லை.

கெனினாவும் கிர்ஸ்டியும் அன்றே கப்பலேறினார்கள். இறங்கிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு நவம்பரில்தான் வந்தது. இடையில் போதகர் டோர்க்கிலை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, அவன் பெயரை அழைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கடையில் அவன் நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறியது. புதன்கிழமைகளில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, வேதத்தில் வரும் பேதுருவைப் போலக் காவலில் இருக்கும் ஒரு சகோதரனுக்காக உருகினார்கள். கெனினாவுக்காக ஒருவரும் எழவில்லை. ஊர் அப்படித்தான். அடித்தவன் சிறைக்குப் போனால் ஐயோ பாவம், அடிபட்டவள் தப்பித்துப் போனால் அடங்காப்பிடாரி.

நீதிமன்றத்தில் சபையே கருப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. கெனினா சாட்சி சொன்னாள். ருவாரியின் வக்கீல் அவளைப் பிய்த்து எடுத்தார். நர்ஸிடம் கொட்டிலில் விழுந்ததாகச் சொன்னீர்கள், போலீஸிடம் நன்றாக இருப்பதாகச் சொன்னீர்கள், இப்போது வேறு சொல்கிறீர்கள், எந்தப் பொய்யை நம்பச் சொல்கிறீர்கள் என்றார். அவள் மரத்துப்போய் நின்றாள். அதன் பிறகு வழக்கு முழுக்க அந்த ஜெபத்தின் மேல்தான் நின்றது.

டோர்க்கில் வலது கையை உயர்த்தி, சர்வவல்லமையுள்ள தேவனின் பெயரால் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்தான்.

"ஜெபம் நடந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"முட்டி போட்டிருந்தேன்."

"நீங்களும் ஜெபிச்சீங்களா?"

"இல்ல. கேட்டுட்டிருந்தேன்."

பார்வையாளர் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"அதுவரைக்கும் கேலிக்ல நடக்க இருந்த ஜெபத்தை ஆங்கிலத்துக்கு மாத்தினது நீங்க. எதுக்காக?"

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பெட்ரி காதில் விழ வேண்டும், இரண்டு பேர் கேட்டால்தான் செல்லும் என்பதற்காக என்று சொன்னால் அது விரித்த வலை. ஜெபத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ருவாரி அன்றைக்கே படகுக்குத் திரும்பிவிடுவான். மூன்றாவது வரிசையில் கெனினா உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"விருந்தாளிக்காக," என்றான் டோர்க்கில். "எங்க ஊர் வழக்கம்."

"அதுக்கு மட்டும்தானா?"

"அதுக்கு மட்டும்தான்."

அங்கே இருந்த ஒவ்வொரு தீவுக்காரனுக்கும் அது பொய்யென்று தெரிந்தது. உயர்த்திய கை இன்னும் கனத்தது அவனுக்கு. நீதிபதி வெளியூர்க்காரர், தலையை அசைத்து எழுதிக்கொண்டார். அந்த வழக்கம் உண்மைதான் என்று ருவாரியின் தரப்புச் சாட்சிகளே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெபம் சாட்சியமாகச் செல்லும் என்றாயிற்று. இரண்டு வருஷம் போட்டார்கள்.

தீர்ப்பு வந்த மத்தியானம் டோர்க்கில் கப்பல்துறைக்குப் போனான். கெனினா வரிசையில் நின்றிருந்தாள், காற்று அவள் தலைத்துணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து வரவில்லை, ஆனால் எதற்கு வந்தான் என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"எப்ப வெளிய விடுவாங்க?" என்று கேட்டாள்.

"பாதியில விட்டுருவாங்க. அடுத்த குளிர்காலத்துக்கு முன்னாடியே."

"நான் எந்த ஊர்ல இருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். காகிதத்துல பாத்தேன்."

"யார்கிட்டயும் சொல்லாதே."

"சத்தியமா சொல்ல மாட்டேன், கெனினா. உனக்காகவும் கிர்ஸ்டிக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"வேணாம்," என்றாள். "என் பேரை எடுக்காதே. ஊரை எடுக்காதே. தனியா இருக்கிறப்பகூட எடுக்காதே, பழகிப்போனா ஒருநாள் எல்லார் முன்னாடியும் வாய்ல வந்துரும். ஆண்டவர்கிட்டயும் சொல்லாதே, டோர்க்கில். என்னை அவருக்குத் தெரியும்னா தெரியட்டும். உன் மூலமா வேணாம்."

வரிசை நகர்ந்தது. அவன் சரி என்று தலையசைத்தான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் வேதம் எடுத்தார்கள். மர்டினாவும் இரண்டு பிள்ளைகளும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு முழங்காலிட்டார்கள். டோர்க்கில் நோயாளிகளுக்காக ஜெபித்தான், கடலில் இருப்பவர்களுக்காக ஜெபித்தான், சிறையில் இருப்பவனுக்காகக்கூட ஜெபித்தான். பிறகு நின்றுவிட்டான். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினான். பிள்ளைகள் அசையத் தொடங்கினார்கள். ஆமென் என்று முடித்தான்.

பிள்ளைகள் போனதும் மர்டினா நாற்காலியை நேராக்கியபடி கேட்டாள். "யாரையோ சொல்ல வந்து விட்டுட்டியே, யாரை?"

"யாரையும் இல்ல," என்றான்.

சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய்யைவிட இது சுலபமாக வந்தது.